கிகாலியில் கிடைத்த அவகாசம் யாருக்கு?

ஐயா,

சேலத்தில் 27 ஆண்டுகளாக ஏசி, ஃபிரிட்ஜ் பழுது பார்த்து வருகிறேன். என் கடையில் கேஸ் சிலிண்டர்கள் ஏன் மாறிக்கொண்டே இருக்கின்றன என்பது ஒரு பயிற்சி வகுப்புக்குப் போன பிறகுதான் எனக்கு விளங்கியது.

குளிர்விக்க ஏசி, ஃபிரிட்ஜில் ரொப்பிய பழைய கேஸ்கள் ஓசோன் படலத்தைக் கெடுத்தன. அதைக் காக்க 1987இல் மாண்ட்ரியலில் ஒப்பந்தம் போட்டார்கள். இந்தியா உடனே சேரவில்லை. மாற்று கேஸுக்குப் போகும் செலவுக்கு உதவி வேண்டும் என்று நின்றது. 1990இல் லண்டனில் ஒப்பந்தத்தைத் திருத்தி, வளரும் நாடுகளுக்கென்று ஒரு நிதியை ஏற்படுத்தினார்கள். 1992இல் நாம் சேர்ந்தோம். அந்தப் பிடிவாதம் நியாயமானது என்பேன்.

அப்புறம் ஓசோனைக் கெடுக்காத எச்எஃப்சி கேஸ்கள் வந்தன. ஆனால் அவை பூமியைச் சூடாக்குகின்றன. நாங்கள் ரொப்பும் ஆர்-410ஏ என்ற எச்எஃப்சி கேஸ் ஒரு கிலோ வெளியேறினால், அது சுமார் இரண்டு டன் கரியமில வாயுவுக்குச் சமம். எனவே 2016 அக்டோபரில் ருவாண்டாவின் கிகாலியில் ஒப்பந்தத்தை மறுபடியும் திருத்தினார்கள். இழுபறி முழுக்க எந்த நாடு எந்த ஆண்டில் குறைப்பது என்பதில்தான். பணக்கார நாடுகள் 2019இலேயே எச்எஃப்சியைக் குறைக்கத் தொடங்க வேண்டும். சீனாவுக்கு 2024இல் உச்சவரம்பு. எந்த ஆண்டுகளின் பயன்பாட்டு அளவை அடிப்படையாக வைத்துக் குறைப்பது என்பதில் இந்தியா முதலில் 2028–30 கேட்டது. கடைசியில் 2024–26க்கு ஒப்புக்கொண்டது. 2028இல் நமக்கு உச்சவரம்பு வருகிறது. 2047க்குள் அந்த அடிப்படை அளவில் 85 சதவீதம் குறைக்க வேண்டும்.

சரி, இப்படிப் போராடி வாங்கிய அவகாசத்தில் என் போன்றவர்களிடம் என்ன வந்து சேர்ந்தது? போன வாரம் ஒரு மொட்டை மாடியில் பழைய யூனிட்டைக் கழற்றும்போது, கூட வந்த பையன் வால்வைத் திறந்து கேஸைக் காற்றில் விட்டான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பல வருஷம் நானும் அதையேதான் செய்தேன். கேஸை உறிஞ்சிப் பிடிக்கும் ரெக்கவரி மெஷின் என் ஒரு மாத வருமானத்தைவிட விலை அதிகம். இனி வருவதோ ஆர்-32, புரொப்பேன் போன்ற தீப்பிடிக்கும் கேஸ்கள். புரொப்பேன் கசிந்த இடத்தில் பொறி பட்டால் கை போகும், சில நேரம் உயிரும் போகும். முறையான பயிற்சி இல்லாமல் அந்தப் பையனை நான் எப்படி அனுப்புவேன்?

லண்டனில் பிறந்த அதே நிதிக்கு எவ்வளவு தருவது என்று நாடுகள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பேசி முடிவு செய்கின்றன. 2024–26க்கு 96.5 கோடி டாலர். அடுத்த மூன்று ஆண்டுகளுக்குப் பேசும்போது, பழுது பார்ப்பவர்களின் பயிற்சிக்கும் கருவிகளுக்கும் தனியாக ஒரு தொகையை நம் அதிகாரிகள் கேட்க வேண்டும். அதில் மாவட்டத்துக்குப் பத்து ரெக்கவரி மெஷின்களாவது வாங்கி ஐடிஐகளில் வைத்தால், நாங்கள் வாடகை கொடுத்தே எடுத்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஏசி மெக்கானிக்,
சேலம்.