செனட் இல்லத்தின் கதவுகள்: சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு, ஆட்சிப்பேரவை உறுப்பினர்களுக்கு வணக்கம்.

சேப்பாக்கத்தில், மெரினாவின் உப்புக்காற்று நேரே வந்து மோதும் இடத்தில், பட்டமளிப்பு விழாக்களுக்கான பெருமண்டபத்தோடு நிற்கும் தங்கள் செனட் இல்லத்தை வாரத்துக்கு ஒரு நாளேனும் மாணவர்களுக்கும் பொதுமக்களுக்கும் திறந்து வைக்க வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன். நான் தங்கள் பல்கலைக்கழகத்தில் படித்தவன். பல ஆண்டுகளாகச் சுண்ணாம்புக் காரையில் எழுந்த பழைய கட்டடங்களைச் செப்பனிடும் தொழிலில் இருப்பவன். ஆகவே இக்கோரிக்கையைப் பழைய மாணவனின் பாசமாக மட்டும் கருதாமல், அந்தக் கட்டடத்தின் நலம் கருதிச் சொல்லும் தொழில் யோசனையாகவும் தாங்கள் கொள்ள வேண்டும்.

1857 செப்டம்பர் 5 அன்று பல்கலைக்கழகம் சட்டப்படி தோன்றியபோது அதற்கென்று சொந்தக் கட்டடம் இல்லை. பட்டமளிப்பு விழாக்களை அரசினர் தோட்டத்து விருந்து மண்டபத்தில், அதாவது இன்றைய ராஜாஜி மண்டபத்தில், நடத்தி வந்தார்கள். கலித்தொகையையும் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் பின்னாளில் அச்சேற்றிய யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளை முதல் பட்டதாரிகளுள் ஒருவரானதும் இந்தக் கட்டடம் எழுவதற்கு முன்புதான். மாநிலக் கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் கட்டட வரைபடங்கள் கேட்டு 1864இல் அரசு போட்டி அறிவித்தது. அதில் வென்றவர் ராபர்ட் ஃபெல்லோஸ் சிசோம் என்னும் இளம் கட்டடக் கலைஞர். கல்லூரிக் கட்டடம் 1870இல் திறக்கப்பட்டது. செனட் இல்லத்தின் வேலை 1874இல் தொடங்கி 1879இல் முடிந்தது.

இந்த இடைவெளி வீணான தாமதம் அன்று என்பது என் எண்ணம். ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் சேப்பாக்கம் அரண்மனை ஆங்கிலேய அரசின் கைக்கு வந்த பின், அதை அலுவலகங்களாக மாற்றும் பொறுப்பு சிசோமிடம் வந்தது. அந்த அரண்மனையின் வளைவுகளையும் குமிழ்மாடங்களையும் தினமும் பார்த்துப் பழகிய கண்ணோடுதான் அவர் பக்கத்து நிலத்தில் செனட் இல்லத்தை எழுப்பினார். இத்தாலியச் சாயலோடு நிற்கும் மாநிலக் கல்லூரியையும், நான்கு மூலைகளிலும் குமிழ்மாடக் கோபுரங்கள் தாங்கிய செங்கல் நிற செனட் இல்லத்தையும் ஒரே நடையில் பார்த்து வருகிறவர்களுக்கு, ஒரே மனிதரின் கை இந்த மண்ணில் எவ்வளவு மாறியது என்பது விளங்கும். நவாபின் மரபோடு பைசாந்தியக் (பழைய கிழக்கு ரோமப் பேரரசின்) கூறுகளும் சேர்ந்திருக்கின்றன. இவ்வளவும் கலந்தும் முகப்பு ஒட்டுப்போட்டதுபோல் தெரியாமல் ஒரே உடலாக நிற்கிறது என்பதே அவருடைய திறமை.

சென்னைப் பல்கலைக்கழகத்தோடு 1857இலேயே பிறந்த உடன்பிறப்புப் பல்கலைக்கழகங்கள் இரண்டு உண்டு. பம்பாய், கூர்வளைவுகள் கொண்ட ஐரோப்பியக் கோதிக் பாணியில் தன் பட்டமளிப்பு மண்டபத்தைக் கட்டியது, அது இன்றும் நிற்கிறது. கல்கத்தா கிரேக்கத் தூண்களோடு 1872இல் கட்டிய செனட் மண்டபத்தை, நூற்றாண்டு நினைவுக் கட்டடத்துக்கு இடம் வேண்டி 1960ஐ ஒட்டி இடித்துவிட்டார்கள். படிக்கட்டுகளில் தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் உட்கார்ந்து பழகிய கட்டடம் அது. அதன் புகைப்படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதைக்கிறது. பக்கத்து அரண்மனையைப் பார்த்துத் தன் உருவத்தை அமைத்துக்கொண்டது மூன்றில் சென்னை ஒன்றுதான். அதனால் நம் பொறுப்பு கூடுகிறது.

இனி உள்ளே வருகிறேன். பெருமண்டபம் சுமார் 130 அடி நீளமும் 60 அடி அகலமும் 54 அடி உயரமும் உடையது. அதற்குக் கீழே ஏறத்தாழ அதே பரப்பில் ஒரு நிலவறை இருக்கிறது. இந்த உயரத்தைப் பகட்டு என்று நினைக்கக் கூடாது. மின்விசிறி இல்லாத காலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கி அணிந்து அமரும் மண்டபத்தில், சூடான காற்று தலைக்கு மேலே வெகு தூரம் போய் வெளியேற வேண்டும், கீழே கடற்காற்று புகுந்து கடக்க வேண்டும். வெயிலும் மழையும் சுவரில் நேரே விழாதபடி தூண் வரிசைகள் நிற்கின்றன. செதுக்கிய தலைப்பகுதிகளோடு நிற்கும் அந்தக் கல்தூண்களின் நிழலில் பகல் உச்சியில் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்வது தெரியும். வண்ணக் கண்ணாடி வழியே விழும் வெளிச்சம் தரையில் மெல்ல நகர்வதைப் பார்க்கவே ஒரு பிற்பகல் போதாது. சுருங்கச் சொன்னால், காற்று நடமாட வேண்டும் என்று திட்டமிட்ட கட்டடம் இது. மூடி வைத்தால் அதற்கு மூச்சுத் திணறும்.

மூச்சு என்பதை உவமைக்காக மட்டும் சொல்லவில்லை. சுண்ணாம்புக் காரை ஈரத்தை வாங்கும், காற்றுப் பட்டால் விட்டுவிடும். காற்று நின்றுபோனால் சுவரில் தங்கிய ஈரத்தோடு உப்பும் தங்கிப் படிகமாகி, முதலில் வெள்ளையாகப் பூக்கும், பிறகு பூச்சைத் தள்ளும். இப்படிப்பட்ட சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனால், கெட்டியாக ஒலித்து வந்த இடம் திடீரென்று வெற்றுப் பானைபோல் ஒலிக்கும். அங்கே காரை செங்கல்லை விட்டுப் பிரிந்துவிட்டது என்று பொருள். அதன்மேல் சிமெண்டைப் பூசுவதைவிடப் பெரிய கெடுதல் வேறில்லை. சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது, உப்பு செங்கல்லுக்குள்ளேயே வேலை செய்து அதன் முகத்தைப் பொரிந்து உதிரச் செய்யும். சுண்ணாம்பு உதிர்ந்தால் மறுபடி பூசலாம், செங்கல் உதிர்ந்தால் 1870களின் செங்கல்லுக்கு எங்கே போவது? என் முதல் வேலையொன்றில் ஒரு பழைய வீட்டுத் திண்ணைக்கு அவசரத்தில் சிமெண்ட் கலந்து பூசி, மூன்றாம் மழைக்காலத்தில் அந்தச் செங்கற்கள் கையோடு வந்ததைப் பார்த்தவன் நான். கடுக்காய் ஊறிய நீரையும் வெல்லத்தையும் சேர்த்துச் சுண்ணாம்பைப் புளிக்க வைக்கும் பொறுமையை அதன் பிறகுதான் ஒரு முதிய கொத்தனாரிடம் கற்றேன்.

பல்கலைக்கழகத்தின் 150ஆம் ஆண்டை ஒட்டிச் செனட் இல்லத்தைச் சீரமைத்தபோது, தாங்களும் தங்களுக்கு முன்னிருந்தவர்களும் காட்டிய அக்கறைக்கு இந்நகரத்தார் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் இத்தகைய கட்டடத்துக்கு ஒருமுறை செய்யும் பெருஞ்சீரமைப்பைவிட, தினமும் யாரோ உள்ளே நடமாடுவதே நல்ல பாதுகாப்பு. ஆள் வந்தால் சன்னல் திறக்கும், ஒழுகும் இடம் முதல் மழையிலேயே கண்ணில் படும். 1937இல் சென்னை மாகாணச் சட்டமன்றமே சில மாதங்கள் இங்கே கூடியிருக்கிறது. எனவே பொதுக் காரியம் இந்த மண்டபத்துக்குப் புதிதன்று.

வாரத்துக்கு ஒரு நாள், தங்கள் வரலாற்றுத் துறை மாணவர்களே தமிழில் விளக்கிச் சொல்லும்படி ஏற்பாடு செய்யுங்கள். வாயிலில் கட்டட வரலாற்றைத் தமிழில் எழுதி வையுங்கள். அதில் சிசோமின் பெயரோடு, செங்கல் அடுக்கியும் கல் செதுக்கியும் இதை எழுப்பிய தொழிலாளர்களைப் பற்றியும் ஒரு வரி இருக்கட்டும். எந்தச் சுவரில் எந்த ஆண்டு என்ன கலவை பூசப்பட்டது என்று ஒரு பதிவேடு தொடங்குங்கள். அதற்குச் செலவு மிகக் குறைவு. இனிச் செய்யும் பழுதுபார்ப்பில் சிமெண்ட் இல்லை என்று ஆட்சிக்குழுவே தீர்மானம் நிறைவேற்றினால், அடுத்து வரும் பொறியாளருக்கும் ஒப்பந்தக்காரருக்கும் அது கட்டுப்பாடாக இருக்கும்.

சுவர்களைத் தட்டிப் பார்த்து முதல் பதிவேட்டை எழுதும் வேலைக்கு, ஊதியம் ஏதும் பெறாமல் வர நான் அணியமாக இருக்கிறேன். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு அழைத்தீர்களானால், ஒழுகக்கூடிய இடங்களை மழை தொடங்குமுன்பே குறித்துக் கொடுத்துவிடலாம்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு முன்னாள் மாணவன்