மோர்ஸ் பயிற்சிக் கருவி: படத்தில் திருத்தம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார இளையோர் பக்கத்தில் மோர்ஸ் (குறுகிய ஒலி புள்ளி, நீண்ட ஒலி கோடு என்று எழுத்துகளை அனுப்பும் முறை) பயிற்சிக் கருவி செய்யும் முறையைப் படத்தோடு வெளியிட்டிருந்தீர்கள். தமிழில் மின்சுற்றுப் படம் வருவதே அபூர்வம். பிள்ளைகள் அதை வெட்டி வைத்துக்கொண்டு அப்படியே செய்யத் தொடங்கிவிடுவார்கள். அதற்குள் சில திருத்தங்கள் வந்தாக வேண்டும். படம் முழுக்கத் தவறு என்று சொல்லவில்லை. செய்தால் சத்தம் வரும். ஆனால் இரண்டாம் நாளே பேட்டரி காலியாகிவிடும். பக்கத்திலேயே போட்டிருந்த புள்ளி, கோடு அட்டவணை அதைவிடப் பெரிய தொல்லை.

முதலில் பேட்டரி. நீங்கள் காட்டிய சுற்றில் மோர்ஸ் கீ (தட்டும் விசை) 555 ஐசியின் (சத்தத்துக்கான மின்துடிப்பை எழுப்பும் எட்டுக் கால் சில்லு) 4ஆம் காலில் இருக்கிறது. கீயை அழுத்தாதபோது அந்தக் கால் மைனஸுக்கு இறங்கி, ஐசியை நிறுத்தி வைக்கும். சத்தம் நிற்கும், ஆனால் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். நிறுத்தப்பட்ட 555 தன் 7ஆம் காலை மைனஸோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும் பழக்கமுடையது. அந்தக் காலுக்கும் பேட்டரி ப்ளஸ்ஸுக்கும் நடுவே வெறும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர்தான் போட்டிருக்கிறீர்கள். 9 வோல்ட்டில் அது 9 மில்லியாம்பியர். ஐசி தன் பங்குக்கு இன்னும் 5, 6 மில்லியாம்பியர் எடுக்கும். 500 மில்லியாம்பியர் மணி கொள்ளும் 9 வோல்ட் பேட்டரி, யாரும் தொடாமலே ஒன்றரை நாளில் தீர்ந்துவிடும். படத்தில் சுவிட்சும் இல்லை.

இதற்குச் சுலபமான வழி, கீயை பேட்டரி வயரிலேயே வைப்பது. பேட்டரி ப்ளஸ், பிறகு ஒரு 1என்4001 டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடுவது), பிறகு கீ, அங்கிருந்து ஐசியின் 8ஆம் காலுக்கும் 4ஆம் காலுக்கும். கீ மேலே இருந்தால் ஒரு துளி மின்சாரமும் போகாது, சுவிட்சே தேவையில்லை. 9 வோல்ட் கிளிப்பை இருட்டில் தடவி மாட்டும்போது தலைகீழாக ஒரு கணம் தொட்டு, அந்நேரம் கீயும் அழுந்திவிட்டால் ஐசி போய்விடலாம். லோட்ஷெடிங் பழகிய வீடுகளில் இது நடக்காமல் இருக்காது. அதற்குத்தான் டயோடு. அது எடுத்துக்கொள்ளும் 0.7 வோல்ட்டால் ஒரு குறையும் வராது, 555க்கு 4.5 வோல்ட் இருந்தாலே போதும்.

மற்ற இணைப்புகள்: 8ஆம் காலிலிருந்து 7ஆம் காலுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். 7ஆம் காலிலிருந்து 6ஆம் காலுக்கு 68 கிலோ ஓமும் அதோடு வரிசையாக ஒரு 50 கிலோ ஓம் பொட்டும் (திருகி அளவை மாற்றும் ரெசிஸ்டர்). 6ஆம் காலும் 2ஆம் காலும் ஒன்றாக. அங்கிருந்து மைனஸுக்கு 0.01 மைக்ரோபாரட் கபாசிட்டர். 5ஆம் காலிலிருந்து மைனஸுக்கு இன்னொரு 0.01. 1ஆம் கால் மைனஸ். 8க்கும் 1க்கும் நடுவே, ஐசியை ஒட்டினாற்போல், ஒரு 0.1. பொட்டின் நடுக் காலை ஓரக் கால் ஒன்றோடு சேர்த்துப் பற்றவைத்துவிடுங்கள். உள்ளே தூசி படிந்தாலும் சத்தம் அறுந்துபோகாது.

சுருதியைக் கணக்கிட, 7க்கும் 6க்கும் நடுவே உள்ள ரெசிஸ்டரை இரட்டித்து, அதோடு 10 கிலோ ஓமைக் கூட்டி, கபாசிட்டரால் பெருக்கி, 1.44ஐ அதால் வகுக்க வேண்டும். பொட்டைத் திருப்பினால் சுமார் 585 ஹெர்ட்ஸிலிருந்து 985 வரை கிடைக்கும். பலருடைய காதுக்கு 600, 700 பக்கம் இதமாக இருக்கும். ஒரே அறையில் பத்துப் பிள்ளைகள் தட்டும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில், ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு சுருதி வைத்துக் கொடுத்தால் யார் தட்டுவது யாருக்கு என்று குழப்பம் வராது.

கிட் வாங்கிச் செய்கிறவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் கபாசிட்டரின் எண். 0.01 மைக்ரோபாரட்டின் மேல் 103 என்றும் 0.1இன் மேல் 104 என்றும் அச்சிட்டிருக்கும். 103 இருக்க வேண்டிய இடத்தில் 104 போய்விட்டால் சுருதி பத்தில் ஒன்றாகக் குறைந்து, ஸ்பீக்கர் தவளை மாதிரி கரகரக்கும். 102 போனால் விசில் போலக் கிறீச்சிடும். இந்த இரண்டு சத்தத்தில் ஒன்று கேட்டால் ஐசியைக் குறை சொல்லாமல் முதலில் இதைப் பாருங்கள். ரெசிஸ்டரிலும் இதே வம்பு உண்டு. நான்கு பட்டையுள்ள 10 கிலோ ஓம் பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு என்று வரும். ஐந்து பட்டையுள்ளதில் பழுப்பு, கறுப்பு, கறுப்பு, சிவப்பு. மல்ட்டிமீட்டரில் அளந்துவிட்டே பற்றவையுங்கள்.

ஸ்பீக்கரை 3ஆம் காலில் நேராக மாட்டச் சொல்லியிருக்கிறீர்கள். 8 ஓம் ஸ்பீக்கர் ஐசியை அதன் எல்லையான 200 மில்லியாம்பியருக்கே இழுத்துவிடும். ஐசி சுடும், பேட்டரி தளரும். 3ஆம் காலிலிருந்து ஒரு 220 ஓம், பிறகு 10 மைக்ரோபாரட் எலக்ட்ரோலிட்டிக் (ப்ளஸ் ஐசி பக்கம்), பிறகு ஸ்பீக்கர், அதன் மறு முனை மைனஸில் என்று வைத்தால் ஓர் அறைக்குப் போதுமான சத்தம் வரும். ஸ்பீக்கருக்குப் பதில் பஸர் போடலாமா என்று நிச்சயம் கேட்பார்கள். உள்ளேயே ஒலியெழுப்பி உள்ள பஸர் 555இன் சத்தத்தோடு தன் சத்தத்தையும் கலந்து காது கூசும்படி அலறும். அப்படிப்பட்ட பஸர் கையில் இருந்தால் ஐசியே வேண்டாம். பஸருக்கு உரிய வோல்ட் கொண்ட பேட்டரி, கீ, பஸர், அவ்வளவுதான். சுருதியை மாற்ற முடியாது என்பது மட்டுமே குறை.

பேட்டரிக்குக் குறுக்கே 100 மைக்ரோபாரட் போடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. போடலாம், ஆனால் கீயின் பேட்டரி பக்கத்தில். ஐசி பக்கத்தில் போட்டால் கீயை எடுத்த பிறகும் அந்தக் கபாசிட்டர் ஐசிக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கும். சத்தம் வால் முளைத்தாற்போல் இழுபடும். நிமிடத்துக்கு 20 சொல் வேகத்தில் ஒரு புள்ளி 60 மில்லிசெகண்ட்தான். அதே அளவுக்கு வால் நீண்டால் புள்ளிகளுக்கு நடுவே இடைவெளி என்று ஒன்றே மிஞ்சாது. பிள்ளையின் கையில் குறை என்று நினைத்துத் திட்டுவார்கள், குறை கபாசிட்டரில்.

கீ வாங்க முடியாதவர்களுக்கு நீங்கள் சொன்ன துணி உலர்த்தும் கிளிப் பத்து நிமிடத்துக்குத் தாங்கும். உடைந்த ஹாக்சா பிளேடு நல்லது. 12 செண்டிமீட்டர் துண்டு போதும். வைஸில் பிடித்து, மேலே துணி போட்டு மூடி, கண்ணாடி அணிந்து மடக்கினால் பட்டென்று ஒடியும். பிளேடின் நுனியில் ஏற்கெனவே துளை இருப்பதால் துளையிட வேண்டாம் (கடினமான எஃகு, சாதாரண ட்ரில் பிட் வழுக்கும்). அந்தத் துளை வழியாகப் பித்தளைத் திருகாணி ஒன்றைக் கட்டைக்கு இறக்குங்கள். வயர் தொடும் இடத்திலும் மறு நுனியின் அடிப்பக்கத்திலும் பெயின்டை நன்றாகச் சுரண்டுங்கள். அந்த நுனிக்குக் கீழே இன்னொரு பித்தளைத் திருகாணி. இடைவெளி ஒரு தபால் அட்டையின் தடிப்பு இருந்தால் போதும். கட்டை கனமாக இருக்கட்டும். அடியில் பழைய சைக்கிள் ட்யூப் துண்டு ஒட்டினால் நகராது. மேசையின் ஓரத்தில் வைக்காமல், முழங்கை வரை மேசையில் படுக்கும்படி உள்ளே தள்ளி வையுங்கள். விரல் நுனியால் கொத்தக் கூடாது, மணிக்கட்டு அசைய வேண்டும்.

டர்பன் கடற்காற்றில் பித்தளை இரண்டு வாரத்தில் கறுத்துவிடும். சத்தம் விட்டு விட்டு வந்தால் வெள்ளைத் தாள் ஒன்றை நுழைத்து, கீயை லேசாக அழுத்தியபடி தாளை இழுங்கள். தாளில் கறுப்புக் கோடு விழுவது நிற்கும்வரை செய்தால் போதும், உப்புத்தாள் வேண்டாம்.

இனி அட்டவணை. புள்ளியும் கோடும் கண்ணால் மனப்பாடம் செய்தவர்கள், காதில் விழுவதை மனதுக்குள் படமாக எழுதி, அந்தப் படத்தை அட்டவணையில் தேடி, பிறகே எழுத்தைப் பிடிக்கிறார்கள். நிமிடத்துக்கு எட்டு, பத்துச் சொல்லைத் தாண்டும்போது தேட நேரம் இருக்காது, அங்கேயே மாட்டிக்கொள்வார்கள். அந்த அட்டவணையை மீண்டும் போடாதீர்கள். புள்ளிக்கு டி, கோட்டுக்கு டா என்று வைத்து, ‘கே’ என்றால் டா டி டா, ‘எம்’ என்றால் டா டா என்று வாயால் சொல்லிக் கொடுக்கலாம்.

இதில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு தடுமாற்றம் வரக்கூடும், ஒரு வசதியும் உண்டு. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று பழகிய நாக்கு, கோட்டையும் இரண்டாகவே இழுக்கும். மோர்ஸில் கோடு மூன்று. அதாவது நெடில் போதாது, அளபெடை வேண்டும்: டி, டாஅ. எழுத்துக்குள் சத்தங்களின் நடுவே ஒரு மாத்திரை மௌனம், எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே மூன்று, சொல்லுக்கும் சொல்லுக்கும் ஏழு. அளபெடை படித்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இதை ஒரு நிமிடத்தில் புரியவைத்துவிடலாம்.

வேகத்தைப் பற்றி நீங்கள் எழுதியது, மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவது, கேட்க நியாயமாக இருக்கிறது, பலனில்லை. நிமிடத்துக்கு 5 சொல் வேகத்தில் ஒரு புள்ளியே 240 மில்லிசெகண்ட். அவ்வளவு நீளமிருந்தால் மூளை எண்ணத் தொடங்கிவிடும். எழுத்தை எப்போதும் 18 சொல் வேகத்தில் அனுப்புங்கள், எழுத்துகளுக்கு நடுவே மட்டும் தாராளமாக இடம் விடுங்கள். முதல் நாள் கே, எம் இரண்டு மட்டும். பத்தில் ஒன்பது சரியாக எழுதிய பிறகு மூன்றாவது. தவறவிட்ட எழுத்துக்கு ஒரு சிறு கோடு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட வேண்டும். விட்டதையே யோசித்தால் அடுத்த மூன்றும் போகும். காலையில் கால் மணி, மாலையில் கால் மணி. ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் உட்காருவது வீண்.

கீ அடிப்பதைப் படித்துத் திரையில் எழுத்தாகக் காட்டும் கிட்களும் கிடைக்கின்றன. அனுப்பும் கையைச் சோதிக்க நல்லவை, கேட்கக் கற்க உதவாதவை. முதல் மாதம் திரையின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். பிறகு பிரித்துப் பார்த்தால் கை என்ன செய்கிறது என்று தெரியும். ‘சி’ என்று அடித்ததை ‘என் என்’ என்று காட்டினால் நடுவில் இழுத்துவிட்டீர்கள்; ‘கியூ’வை ‘எம் ஏ’ என்று காட்டினாலும் அதே குறைதான். அடிக்காத ‘ஈ’ எழுத்துகள் ஊடே ஊடே முளைத்தால் கீயின் முனை துள்ளுகிறது. சுத்தம் செய்து ஸ்பிரிங்கைச் சற்று இறுக்குங்கள். இடைவிடாமல் கோடாகவே ஓடினால், இரட்டைத் துடுப்புக்கான (புள்ளிக்கு ஒன்று, கோட்டுக்கு ஒன்று என இரு பக்கமும் தட்டும் கீ) ஸ்டீரியோ ஜாக்கில் மோனோ பிளக்கைச் செருகியிருக்கிறார்கள்.

இந்தக் கருவி வானலை எதையும் அனுப்பாததால் உரிமம் தேவையில்லை. வானில் அனுப்ப இக்காசாவின் (தென்னாப்பிரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம்) உரிமம் வேண்டும் என்பதைச் சேர்த்துப் போட்டிருக்கலாம். 2003ஆம் ஆண்டு ஜெனீவா மாநாட்டுக்குப் பிறகு, மோர்ஸ் தேர்வு வைப்பதா வேண்டாமா என்பது அந்தந்த நாட்டின் விருப்பம் ஆகிவிட்டது. கேட்பதற்குத் தடையே இல்லை. 14.100 மெகாஹெர்ட்ஸில் உலகெங்கும் உள்ள 18 பீக்கன்கள் (தானாகவே அழைப்புக் குறி அனுப்பும் நிலையங்கள்) ஆளுக்குப் பத்து விநாடி முறை வைத்து அனுப்புகின்றன. மூன்று நிமிடச் சுற்றில் 1 நிமிடம் 30 விநாடியில் இலங்கை, 40இல் நம் பிரிட்டோரியாவின் இசட்எஸ்6டிஎன், 50இல் கென்யா. அழைப்புக் குறி 22 சொல் வேகத்தில் வரும், பிறகு 100, 10, 1, 0.1 வாட்டில் நான்கு நீண்ட சத்தங்கள். டர்பனிலிருந்து பிரிட்டோரியா இந்த அலைவரிசைக்குக் கிட்டத்தில் இருப்பதால் தலைக்கு மேலே தாண்டிப் போய்விடலாம். கென்யா தெளிவாக வந்து பிரிட்டோரியா வராவிட்டால் ரேடியோவில் குறையில்லை. ரேடியோவில் எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டை) வசதி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மூச்சுக் காற்று போன்ற சத்தம்தான் கேட்கும்.

திருத்திய படத்தை வெளியிடுவீர்கள் என்று நம்புகிறேன். அப்போது கபாசிட்டருக்குப் பக்கத்தில் 103, 104 என்ற எண்களையே பெரிதாக அச்சிடுங்கள். சென்ற வாரப் படத்தில் புள்ளி மங்கிப்போய் 0.1 என்பது 01 என்று தெரிந்தது.

இப்படிக்கு,
வானொலி ஆர்வலர் ஒருவர்,
சாட்ஸ்வர்த், டர்பன்