நீடாமங்கலத்தில் ஏறி கடலில் இறங்க முடியுமா, அத்தை?

அன்புள்ள அத்தைக்கு,

போன வருஷம் ஆலப்புழையில் படகுவீட்டில் உட்கார்ந்துகொண்டு எனக்குப் போன் போட்டீர்களே, ஞாபகம் இருக்கிறதா? "ஏன்டா, இவ்வளவு ஆறு ஓடுற ஊர்ல பொறந்துட்டு ஒருநாள்கூடப் படகுல போனதில்லையே. நீடாமங்கலத்துல ஏறினா முத்துப்பேட்டையில கடல்ல போய் இறங்க முடியாதா?" என்று கேட்டீர்கள். அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டேன். இந்தத் தை மாதக் கடைசியில் ஒரு நாள் முழுக்க அந்த வேலையாகவே போய் வந்தேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரி, சாப்பிட்டியா?" என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன். உங்களைப் போலவே கேட்கிறவர்கள் இன்னும் நாலு பேர் இருப்பார்கள், அவர்களும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே போடுகிறேன்.

முதலில் பதில். முடியாது. நீடாமங்கலத்தில் ஏறினால் நீடாமங்கலத்திலேயே இறங்க வேண்டியதுதான்.

காலையில் மூணாறு தலைப்பில்தான் வண்டியை நிறுத்தினேன். நீங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பார்த்த அதே இடம். கல்லணையிலிருந்து வரும் வெண்ணாறு அங்கே பாமணியாறு, கோரையாறு, வெண்ணாறு என்று மூன்றாகப் பிரிகிறது. பிரிகிறது என்று சொல்வதுகூடத் தப்பு, பிரித்து விடுகிறார்கள். எந்த ஆற்றுக்கு எவ்வளவு தண்ணீர் என்பதை ஷட்டர்தான் முடிவு செய்கிறது. அதற்குக் கீழேயும் வழியெல்லாம் தலைப்பு, மதகு, இயக்கு அணை. தண்ணீர் மட்டத்தை ஏற்றி வாய்க்காலுக்குத் திருப்பினால்தான் வயலுக்குப் போகும். ஒவ்வொரு ஷட்டரும் படகுக்குச் சாத்திய கதவு. கரையோடு வண்டியில் வரும்போது எண்ணிக்கொண்டே வந்தேன், பாதியில் கணக்கு விட்டுப்போனது.

ஆலப்புழையோடு நம்ம ஊரைச் சேர்த்துப் பேசுவதே சரியில்லை. அங்கே காயல் கடல் மட்டத்தோடு கிடக்கிறது. உப்புநீர் ஏறாமல் இருக்க தண்ணீர்முக்கத்தில் தடுப்பு கட்டியபோதுகூட, படகு போய் வர ஒரு பூட்டுமதகு, அதாவது படகு நுழைந்து வெளியேறக் கதவு வைத்த வழி, வைத்தார்கள். நம்ம ஆற்றில் யாரும் அப்படி யோசித்ததாகத் தெரியவில்லை. யோசிக்கவும் தேவையில்லை. இது நெல்லுக்காக வைத்திருக்கிற ஆறு. ஜூன் 12இல் மேட்டூரைத் திறப்பார்கள், ஜனவரி 28இல் மூடுவார்கள். காவிரியில் தண்ணீர் இருக்கிற வருஷத்தில் அதுதான் வழக்கம். நான் போனபோது மூடி இரண்டு வாரம் ஆகியிருந்தது. மூணாறு தலைப்பில் மணல் தெரிந்தது, பள்ளத்தில் தேங்கிய தண்ணீரில் பையன்கள் கெளுத்தி பிடித்துக்கொண்டிருந்தார்கள். படகு வேண்டாம், அதில் காகிதக் கப்பல் விட்டாலே தரைதட்டும்.

கரையெல்லாம் நெய்வேலிக் காட்டாமணக்கு. ஷட்டருக்கு மேல்புறத்தில் ஆகாயத்தாமரை மெத்தை மாதிரி அடைத்திருந்தது. அதற்குள் பிளாஸ்டிக் பாட்டில், செருப்பு, மாலை. ஆடிப்பெருக்குக்கு நீங்கள் காதோலை கருகமணி விட்டுவிட்டு, "இது கடலுக்குப் போயிடும்ல?" என்று பாட்டியைக் கேட்பீர்களாம், அப்பா சொல்லியிருக்கிறார். மன்னித்துக்கொள்ளுங்கள் அத்தை, அடுத்த ஷட்டரைத் தாண்டியிருக்காது.

ஆனால் இதோடு கதை முடியவில்லை. கடைசி ஷட்டருக்குக் கீழே படகு போகிறது.

முத்துப்பேட்டை பக்கத்து ஜாம்புவானோடையில் என் நண்பனுடைய அண்ணன் ஒரு ஃபைபர் போட் வைத்திருக்கிறார். கடலுக்குத் தொழிலுக்குப் போகிற படகில்லை, சின்னது. பின்னால் 9.9 குதிரைத்திறன் இன்ஜின் மாட்டியிருக்கிறது. காப்புக்காட்டுக்குள் போவதால் வனத்துறையில் அனுமதி வாங்கினோம். தர்கா பக்கம் டீ குடித்துவிட்டு எட்டரைக்கு ஏறினோம். ஏறும்போதே அண்ணன் தண்ணீரில் கைவிட்டு நக்கிப் பார்க்கச் சொன்னார். உப்பு. கடலுக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது, பெயரும் கோரையாறுதான், ஆனால் தண்ணீர் கடலுடையது. மேலே இருந்து வருவதைக் கடைமடை இயக்கு அணை நிறுத்திவிடுகிறது, கீழே இருந்து வருவதையும் அதுவேதான் நிறுத்துகிறது. அந்தக் கதவு இல்லாவிட்டால் உப்பு வயல் வரைக்கும் ஏறிவிடும்.

அப்புறம் நான் நினைத்துப் பார்க்காத ஒன்று நடந்தது. ஆறு எங்களுக்கு எதிராக ஓடிக்கொண்டிருந்தது. கடலை நோக்கிப் போகிறோம், தண்ணீர் ஊரை நோக்கி வருகிறது. "ஏத்தம்ங்க, மதியத்துக்கு மேல வத்தும்" என்று அண்ணன் சாதாரணமாகச் சொன்னார். கடல் தண்ணீர் ஏறுவது ஏத்தம், இறங்குவது வற்றம். எனக்குத்தான் கொஞ்ச நேரம் தலை சுற்றியது. பிறந்ததிலிருந்து ஆறு ஒரே பக்கம் ஓடித்தானே பார்த்திருக்கிறோம்?

முதலில் இரண்டு கரையிலும் இறால் பண்ணை, கருவேலம். பார்க்க ஒன்றுமில்லை. பிறகு ஒரு வளைவில் அலையாத்தி, அதாவது உப்புச் சேற்றில் வளரும் மாங்குரோவ் காடு, தொடங்கியது. இலையின் அடியில் வெள்ளையாகப் பூத்திருந்ததைத் தொட்டு நாக்கில் வைத்தேன், அதுவும் உப்பு. குடித்த உப்பை மரமே இலை வழியாகக் கக்கிவிடுகிறது. வேர்கள் சேற்றிலிருந்து பென்சில் நட்டது மாதிரி ஆயிரக்கணக்கில் மேலே நிற்கின்றன. சேற்றுக்குள் காற்று கிடையாது, மரம் அந்த வேர் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. நடுவே ஒரு தில்லை மரம். கிளை முகத்தில் உரசும்போல இருந்தது, அண்ணன் என் தலையைப் பிடித்து அமுக்கிவிட்டார். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கு ஆபத்தாம். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த மரம் என்று பக்தியோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதுதான் வம்பு.

காட்டுக்குள் இன்ஜினைக் குறைத்துவிட்டார். வேகமாகப் போனால் அலை அடித்துக் கரைச்சேறு கரையும், பறவையும் ஓடிப்போகும். ஓரிடத்தில் கழுத்தளவு தண்ணீரில் ஒருவர் தெரிந்தார். சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார். ஓலைப் பறியைப் பல்லால் கடித்திருந்ததால் பேச முடியவில்லை, புருவத்தை மட்டும் உயர்த்தினார். எங்கள் படகின் சத்தம் அவருக்கு எவ்வளவு தொந்தரவு என்று அந்தப் புருவத்திலேயே தெரிந்தது.

காடு என்று சொல்லிவிட்டேன், ஆனால் எல்லா இடமும் பச்சையாக இல்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் போட்ட போடு இன்னும் இருக்கிறது. நம்ம கொல்லையில் தென்னை சாய்ந்ததற்கு நீங்கள் போனிலேயே அழுதீர்கள். இங்கே மரங்கள் நின்ற இடத்திலேயே செத்து, சாம்பல் நிறத்தில் விறகு மாதிரி நிற்கின்றன. மொத்தக் காப்புக்காடு, காயலும் சேற்றுவெளியும் சேர்த்து, ஏறத்தாழ 12,000 ஹெக்டேர். இளங்கன்றுகள் இருக்கிற இடத்தில் மீன்முள் மாதிரி குறுக்கும் சாய்வுமாக வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். அதில் கடல்நீர் ஏறி இறங்கினால்தான் உப்பு தேங்காமல் கன்று பிழைக்கும். இங்கேயும் வாய்க்கால் வெட்டித்தான் பயிர் வளர்க்க வேண்டியிருக்கிறது பாருங்கள். நம்ம ஆட்களுக்கு வாய்க்கால் வெட்டாமல் கை சும்மா இருக்காது.

திடீரென்று காடு விலகி, காயல் வந்தது. எல்லாரும் லகூன் என்கிறார்கள். கரை தெரியாத தண்ணீர், ஆனால் பெரும்பாலும் இடுப்பளவுதான் ஆழம். பூநாரைகள் தூரத்தில் ஒரு கோடாக நின்றன. கூழைக்கடாக்கள் எங்களைப் பொருட்படுத்தவே இல்லை. புளிச்சோற்றைப் பிரித்தோம். அம்மா உங்கள் பக்குவப்படி வெந்தயம் வறுத்துப் போட்டிருந்தாள், கொஞ்சம் கூடிப்போச்சு.

சாப்பிட்டு முகத்துவாரத்துக்குக் கிளம்பினோம். அங்கேதான் மாட்டினோம். வற்றம் ஆரம்பித்திருந்தது, நாங்கள் பேச்சில் கவனிக்கவில்லை. முதலில் புரொப்பல்லரில் ஒரு கிழிந்த வலை சுற்றியது. இன்ஜினைத் தூக்கி, அரிவாளால் அறுத்து எடுக்க அரைமணி நேரம். எடுத்து முடித்தபோது படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. மூங்கில் கழியை ஊன்றினால் கழிதான் உள்ளே போகிறது. இறங்கித் தள்ளப் பார்த்தேன், முட்டிக்கு மேல் புதைந்து ஒரு செருப்பைக் கொடுத்துவிட்டு ஏறினேன். அண்ணன் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், படுத்துவிட்டார். தண்ணீர் ஏறினால் படகு தானாக மிதக்கும், அதுவரை நாம் செய்ய ஒன்றுமில்லை என்பது அவர் கணக்கு.

நான்கு மணி நேரம் அத்தை! எதிரே முகத்துவாரம், அதைத் தாண்டிப் பாக் நீரிணை தெரிகிறது. அலையே இல்லாத கடல், குளம் மாதிரி. கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு அதைத் தொட முடியவில்லை. நீடாமங்கலத்தில் தண்ணீர் இல்லாமல் போக முடியவில்லை என்றால் சரி, காயலின் நடுவில் உட்கார்ந்தும் அதே கதை. இருட்டுகிற நேரத்தில் படகு லேசாக அசைந்தது. திரும்பும்போது ஏத்தம் எங்கள் பக்கம். இன்ஜினை அணைத்துவிட்டுக் கொஞ்ச தூரம் சும்மா மிதந்தே வந்தோம், கடல் எங்களை ஊருக்குள் தள்ளிக்கொண்டு வந்தது.

ஜாம்புவானோடையில் இறங்கும்போது ஒரு விஷயம் கேட்டேன். ஐப்பசி கார்த்திகையில் அடைமழை பிடித்தால் என்ன ஆகும்? வயல் முழுகாமல் இருக்க ஷட்டரையெல்லாம் தூக்கிவிடுவார்களாம். அப்போது இந்த ஆறு காவி நிறத்தில் புரண்டு வருமாம், லகூன் தண்ணீர்கூட உப்புக் குறைந்துவிடுமாம். "மேல விட்டது எல்லாம் அன்னிக்கு வந்து சேந்துரும், குடம் சட்டி செருப்பு வரைக்கும்" என்றார். உங்கள் காதோலை கருகமணியைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை. நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாசியில் வாருங்கள், வெயில் ஏறுவதற்குள். அதிகாலையில் கிளம்பி ஏத்தம் இருக்கும்போதே முகத்துவாரம் போய்த் திரும்பிவிடலாம், இந்த முறை அண்ணனைப் பேச்சில் இழுக்க மாட்டேன். படித்துறையில் படி கிடையாது, அணியத்தில் கால் வைத்துத் தாவ வேண்டும். உங்கள் முழங்காலுக்கு அது ஆகாது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு உங்களைத் தூக்கி உள்ளே வைக்க நாலு பேரைப் பேசி வைத்திருக்கிறேன். உங்கள் எடையை மட்டும் கொஞ்சம் குறைத்துச் சொல்லியிருக்கிறேன், காட்டிக்கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள்
மருமகன்