ஆறு வாரம் காத்திருக்கச் சொன்னவர்களுக்கு

குழந்தைகள் நரம்பியல் பிரிவுகளை நடத்தும் மருத்துவமனை நிர்வாகிகளுக்கும், குழந்தையை முதலில் பார்க்கும் மருத்துவர்களுக்கும் வணக்கம்.

சென்ற வாரம் ஒரு தாயிடம் பேச நேர்ந்தது. அவருடைய ஐந்து மாத மகன் தூங்கி எழும்போதெல்லாம் தலை முன்னால் சாய்கிறது, இரு கைகளும் விரிகின்றன, உடல் ஒரு கணம் விறைத்துத் தளர்கிறது. சில நொடிகளில் மறுபடியும் அதே அசைவு, பிறகு மறுபடியும். மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் ஈஈஜி சோதனை எடுக்க அவருக்குக் கிடைத்த தேதி ஆறு வாரம் கழித்து. இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் மகளுக்கும் அதே ஆறு வாரம்தான் கிடைத்தது. இன்னும் எதுவும் மாறவில்லை என்று தெரிந்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

இதன் பெயர் சிசு வலிப்பு என்பதையும், பெரும்பாலும் முதல் பிறந்தநாளுக்கு முன்பே தொடங்கிவிடும் என்பதையும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வீட்டில் அது எப்படி இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டும். நாங்கள் முதலில் பார்த்த மருத்துவர் வயிற்று வலி என்றார். கைபேசியில் எடுத்து வைத்திருந்த காணொளியை நீட்டினேன். குழந்தைகள் திடுக்கிடுவது இயல்புதான் என்று சொல்லிவிட்டார், பார்க்கவில்லை. இரண்டாவது மருத்துவர் பார்த்தார். பார்த்தவுடன் அவர் முகம் மாறியதை நான் கவனித்தேன். அன்றே பரிந்துரைக் கடிதமும் எழுதினார். அந்தக் கடிதத்துக்குத்தான் ஆறு வாரம் கழித்துத் தேதி கிடைத்தது.

அந்த ஆறு வாரமும் அவளுடைய அசைவுகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எண்ணி எழுதினேன். காலையில் எழுந்ததும் 14. மதியத் தூக்கத்துக்குப் பின் 22. ஒரு நாள் ஒரே தொடரில் 31. ஒவ்வொரு தொடர் முடிந்ததும் அழுவாள். மூன்றாவது வாரத்தில் நான் எழுதியிருக்கும் வரி: ‘இன்று சிரிக்கவில்லை.’ அதன் பிறகு பல பக்கங்களுக்கு எண்கள் மட்டுமே இருக்கின்றன. என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த குழந்தை விளக்கைப் பார்க்கத் தொடங்கினாள். பிடித்திருந்த கிலுகிலுப்பையை விட்டுவிட்டாள். தேதியை முன்னால் நகர்த்த முடியுமா என்று நான்கு முறை தொலைபேசியில் கேட்டேன். நான்கு முறையும் வரிசை என்று ஒன்று இருக்கிறது என்றார்கள்.

வரிசை இருக்கட்டும். ஆனால் அந்த வயது மூளையும் வரிசையில் நிற்குமா? நரம்பணுக்கள் ஒன்றோடொன்று மிக வேகமாக இணைந்துகொண்டிருக்கும் காலம் அது. முதிர்ந்த மூளையில் கிளர்ச்சியை அடக்கும் காபா என்னும் வேதிப்பொருள், வளர்ச்சி முற்றாத நரம்பணுக்களை அடக்குவதற்குப் பதிலாகத் தூண்டவும் கூடும் என்று படித்தேன். இளம் மூளை வலிப்புக்கு இவ்வளவு எளிதாக இடம் கொடுப்பதற்கு அதுவும் ஒரு காரணமாம். சிசு வலிப்பில் கண்ணுக்குத் தெரியும் அசைவோடு ஆபத்து முடிந்துவிடுவதில்லை. இரண்டு அசைவுகளுக்கு இடையிலும் மூளையின் மின்னலைகள் ஒழுங்கு குலைந்து கிடக்கின்றன. நீங்கள் ஹிப்சரித்மியா என்று சொல்லும் அந்தக் குழப்பமே வளர்ச்சியைத் தடுக்கிறது, கற்றதையும் பறிக்கிறது. சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவுக்கு வளர்ச்சிக்கு நல்லது என்பது உங்கள் நூல்களே சொல்வதுதான்.

ஆகவே என் கோரிக்கை இதுதான்: சிசு வலிப்பு என்று ஐயம் எழுந்த குழந்தைக்குச் சில நாட்களுக்குள் ஈஈஜி எடுங்கள். விழிப்பில் மட்டும் எடுத்து, நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிடாதீர்கள், தூக்கத்திலும் எடுங்கள். சில குழந்தைகளுக்குத் தூக்கத்தில்தான் அது தெளிவாகப் பிடிபடும்.

1841இல் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர் லான்செட் மருத்துவ இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். நோயாளி அவருடைய சொந்த மகன். குழந்தையின் தலை மீண்டும் மீண்டும் முன்னால் விழுவதையும், அறிவு வளர்ச்சி நின்றுபோனதையும் விவரித்து, சக மருத்துவர்களிடம் வழி கேட்டார். இந்த நோய்க்குறி இன்றும் அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. அவர் காலத்தில் ஈஈஜி இல்லை. பலன் தரும் மருந்தும் இல்லை. இன்று ஏசிடிஎச் என்னும் ஹார்மோன் ஊசி இருக்கிறது, ஸ்டீராய்டு மாத்திரை இருக்கிறது, விகபாட்ரின் என்னும் வலிப்பு மருந்து இருக்கிறது. இல்லாமல் தவித்த அந்தத் தந்தையின் துயரத்தை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. எல்லாம் இருந்தும் எனக்குக் கிடைத்த ஆறு வாரத்தை எப்படிப் புரிந்துகொள்வது?

குறை சொல்லத் தொடங்கினால் இது மட்டும் இல்லை. ஒரு நாளில் பல முறை சில நொடிகள் நினைவு தப்பி வெறித்துப் பார்க்கும் சிறுவனைக் கவனக்குறைவு என்று தண்டிக்கும் வகுப்பறைகள் இருக்கின்றன. வலிப்பு வந்த குழந்தையின் வாயில் கரண்டியைத் திணிக்கும் கைகள் இன்னும் இருக்கின்றன. பக்கவாட்டில் படுக்கவைத்து நேரத்தைப் பார்க்க வேண்டும், ஐந்து நிமிடம் தாண்டினால் அவசர உதவி வேண்டும் என்பதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. தாய் என்ன தவறு செய்தாள் என்று முதலில் என்னைத்தான் கேட்டார்கள். அவற்றையெல்லாம் இன்னொரு நாள் எழுதுகிறேன். இன்று கேட்க வந்தது ஒன்றே ஒன்று.

நியாயமாகவும் பேச வேண்டும். என் மகளின் வலிப்புக்கு மூலகாரணம் எதுவோ, அதற்கு யாரும் பொறுப்பில்லை. பிறவியிலேயே மூளை அமைப்பில் குறை உள்ள குழந்தைகளும், மரபணு மாற்றம் உள்ள குழந்தைகளும், பிறக்கும்போது ஆக்சிஜன் குறைந்த குழந்தைகளும் இதில் உண்டு. உரிய நேரத்தில் மருந்து தொடங்கியும் வளர்ச்சி பின்தங்கிய குழந்தைகள் இருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். மருந்து தொடங்கிய எட்டாம் நாள் அவளுடைய அசைவுகள் நின்றன. இரண்டு வாரம் கழித்து என் முகத்தைத் தேடினாள். இப்போது இரண்டரை வயது. பிடித்துக்கொண்டு நிற்கிறாள், இன்னும் ஒரு சொல்லும் வரவில்லை. ஆறு வாரம் முன்பே தொடங்கியிருந்தால் வந்திருக்குமா என்று யாராலும் எனக்குச் சொல்ல முடியாது. அந்தக் கேள்வியோடு இன்னொரு தாய் வாழ வேண்டாம்.

பெற்றோர் நீட்டும் காணொளியைத் தயவுசெய்து பாருங்கள். முன்பதிவு மேசையில் இருப்பவர்களுக்கு ‘சிசு வலிப்பு’ என்ற சொல்லைக் கண்டால் வரிசையை மீறும் அதிகாரம் கொடுங்கள். சில நாட்களுக்குள் ஈஈஜி எடுங்கள். அந்த ஐந்து மாதக் குழந்தையின் தேதிக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அதை இந்த வாரத்துக்கு மாற்றித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நோட்டுப் புத்தகத்தை இன்னும் வைத்திருக்கும் ஒரு தாய்