தண்ணீர் தருகிறீர்கள், கழிப்பறைக் கதவையும் திறந்து வையுங்கள்: ஐரோப்பிய நகர மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேயர்களுக்கும் நகர மன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2025 செப்டம்பரில் உங்கள் ஊர்த் தெருக்களில் 17 நாள் நடந்து திரிந்த இரண்டு பெண்களில் ஒருத்தி எழுதுகிறேன். பாரிஸில் இறங்கி, ஆம்ஸ்டர்டாம், வியன்னா, வெனிஸ் என்று சுற்றி, ரோமில் விமானம் ஏறினோம். நான் பாளையங்கோட்டையில் பள்ளி ஆசிரியை. கூட வந்தவள் என் கல்லூரித் தோழி, ஒரு ஜவுளிக் கடையில் கணக்குப் பார்க்கிறாள். 5 வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம். விசாவுக்கு ஆளுக்கு 90 யூரோ, விமானச் செலவு, இவை போக ஒரு நாளைக்கு ஆளுக்கு 60 யூரோ, அதற்குள்தான் படுக்கை, சாப்பாடு, பஸ், ரயில், அருங்காட்சியகம் எல்லாம் என்று கணக்குப் போட்டுக் கிளம்பினோம். எட்டுப் பேர் படுக்கும் அறையில் மேல் கட்டில், கீழ்க் கட்டில். ஆம்ஸ்டர்டாமிலிருந்து வியன்னாவுக்கும் அங்கிருந்து வெனிஸுக்கும் இரவு ரயில், அதில் இரண்டு இரவு வாடகை மிச்சம். மதியத்துக்கு சூப்பர் மார்க்கெட் ரொட்டியும் சீஸும் தக்காளியும். ஊரிலிருந்து கொண்டுபோன பருப்புப் பொடி வியன்னா வரைக்கும் வந்தது.

பார்த்தவற்றைப் பற்றி எழுத ஆரம்பித்தால் முடியாது. இந்த மடல் வேறு ஒரு விஷயத்துக்காக. முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன்.

ரோமில் இறங்கிய அன்று நல்ல வெயில். தெருமுனையில் இடுப்பளவு உயரத்தில் ஒரு இரும்புத் தூண், அதன் வளைந்த குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கிறது, பக்கத்தில் யாரும் இல்லை. மூடாமல் போய்விட்டார்களே என்று தோழி திருகைத் தேடினாள், திருகே இல்லை. அந்தப் பக்கமாக நாயோடு வந்த ஒரு வயதானவர் நின்று, குழாயின் வாயை விரலால் அடைத்துக் காட்டினார். குழாயின் மேல்பக்கம் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது, அதன் வழியாகத் தண்ணீர் வில் போல எழும்பி நேராக வாய்க்கு வந்தது. குளிர்ந்த, நல்ல ருசியான தண்ணீர். நசோனி, அதாவது பெரிய மூக்குகள், என்று இவற்றுக்குப் பெயராம். 1874-இல் வைக்க ஆரம்பித்து இன்றைக்கு ரோம் முழுக்க ஏறக்குறைய 2,500 இருக்கின்றன. பாரிஸில் நான்கு பெண்கள் ஒரு கூரையைத் தாங்கி நிற்கும் பச்சை வண்ண இரும்பு நீரூற்றுகள். 1870-71 முற்றுகையிலும் உள்நாட்டுச் சண்டையிலும் ஊர் சீரழிந்து ஏழைகள் தண்ணீருக்குத் தவித்ததைப் பார்த்த ரிச்சர்ட் வாலஸ் என்ற ஆங்கிலேயர் 1872-இல் தன் சொந்தச் செலவில் வைத்தது என்று படித்தேன். எங்கள் பக்கத்தில் கோடையில் தண்ணீர்ப் பந்தல் வைப்பார்களே, அதே மனசு. வியன்னாவில் குழாயைத் திறந்தால் வருவது மலைச் சுனைத் தண்ணீர், 1910-இல் கட்டி முடித்த இரண்டாவது கால்வாயில் 180 கிலோமீட்டர் தூரம், இறைக்கும் இயந்திரம் எதுவும் இல்லாமல் சரிவிலேயே 36 மணி நேரம் ஓடி ஊருக்குள் வருகிறது. தாமிரபரணிக் கரையில் பிறந்தவர்களுக்கு நல்ல தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். உங்கள் தண்ணீர் நல்ல தண்ணீர். 17 நாளில் நாங்கள் காசு கொடுத்து வாங்கிய தண்ணீர்ப் புட்டிகள் மொத்தம் மூன்று.

சரி, குடித்த தண்ணீர் எங்கே போகும்?

தோழி கடையில் கணக்குப் பார்ப்பவள் என்பதால் எங்கே போனாலும் ஒரு சின்ன டைரியில் செலவு எழுதுவாள். பக்கத்துக்கு நான்கு கோடு போட்டு, படுக்கை, சாப்பாடு, பயணம், நுழைவுச் சீட்டு என்று தலைப்பு எழுதி வைத்திருந்தாள். நாலாவது நாள் ஐந்தாவதாக ஒரு கோடு இழுக்க வேண்டி வந்தது. அதில் 50 சென்ட், 50 சென்ட், 70 சென்ட், 1 யூரோ, 1 யூரோ 50 என்று வரிசையாக. ஊருக்குத் திரும்பிக் கூட்டிப் பார்த்தால் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கழிப்பறைக்கு மட்டும் 41 யூரோ 50 சென்ட். காபி வேண்டாம் என்றாலும் கழிப்பறைக்காகக் கடைக்குள் போய் நின்றபடியே குடித்த காபிகள் இதில் சேராது. ஒரு யூரோ நூறு ரூபாய்க்கும் மேல். ஒருமுறை ஒதுங்கிவிட்டு வர நூறு ரூபாய் என்று மனசு மாற்றிக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டால், அப்புறம் கால் தானாகத் தயங்கும்.

தோழிக்குச் சர்க்கரை உண்டு. எட்டு வருடமாக மாத்திரை. சர்க்கரை உள்ளவர்களுக்கு அடிக்கடி போக வேண்டி வரும், வந்தால் அடக்கவும் முடியாது, அடக்கவும் கூடாது. மலிவான டிக்கெட் என்பதால் அதிகாலை வண்டிக்காக ஒரு நிலையத்தில் ஐந்து மணிக்கே போய் நின்றோம். அந்த ஊரின் பெயர் இங்கே வேண்டாம். நிலையத்தில் திறந்திருந்தது கழிப்பறை மட்டும்தான், அதற்கும் ஒரு தானியங்கிக் கதவு. சில்லறைக் காசு போட்டால்தான் திறக்கும், எங்களிடம் இருந்ததோ 20 யூரோ நோட்டும் பணம் ஏற்றிய ஒரு பயண அட்டையும். அட்டையை வைத்துப் பார்த்தோம், சிவப்பு விளக்குதான் எரிந்தது. சில்லறை மாற்ற ஒரு கடைகூடத் திறக்கவில்லை. தோழி சுவரைப் பிடித்துக்கொண்டு, காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதுப் பெண் அந்நிய ஊரில் அப்படி நிற்பதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பது ரொம்பக் கொடுமை. அப்போது துப்புரவு வேலை செய்யும் ஒரு அம்மா தள்ளுவண்டியோடு வந்தார். தலையில் முக்காடு, கையில் மஞ்சள் உறை. எங்களைப் பார்த்தார், ஒரு வார்த்தை பேசவில்லை, உறையைக் கழற்றிவிட்டுத் தன் இடுப்பில் தொங்கிய அட்டையால் ஓரத்தில் இருந்த கதவைத் திறந்து தோழியின் முதுகில் கை வைத்து உள்ளே அனுப்பினார். அப்படிச் செய்ய அவருக்கு அனுமதி உண்டா என்று தெரியாது.

அன்றைக்கு முழுக்க தோழி தண்ணீர் குடிக்கவில்லை. நான் புட்டியை நீட்டும்போதெல்லாம் அப்புறம் அப்புறம் என்றாள். மூன்று மணி வாக்கில் ஒரு நீண்ட வரிசையில் நிற்கும்போது தலை சுற்றி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உதடு வெடித்திருந்தது. அவள் நின்ற இடத்திலிருந்து பத்தடியில் ஒரு அழகான குடிநீர்க் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

இதை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். பள்ளியில் காலையில் கொண்டுவந்த தண்ணீர்ப் புட்டியைச் சாயங்காலம் அப்படியே திருப்பிக் கொண்டுபோகும் பெண் பிள்ளைகள் எனக்குத் தெரியும். கழிப்பறை சரியில்லை என்பதால் குடிக்காமலே இருந்து, நீர்க்கடுப்பு வந்து, நாலு நாள் லீவு போடுவார்கள். உங்கள் ஊரில் சிக்கனமாகச் சுற்றும் ஒரு பெண்ணும் அதையேதான் செய்கிறாள். கதவு மூடியிருந்தால் குழாயைத் திறந்து வைத்துப் பயன் இல்லை.

பெண் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் கால்வாய் ஓரங்களில் பச்சை இரும்பில் சுருள் வடிவத்தில் ஆண்களுக்கான சிறுநீர் மறைப்புகள் நிற்கின்றன. நூறு வருடத்துக்கும் மேலாக இருக்கிற அமைப்பு, காசு கிடையாது, கதவும் கிடையாது. பெண்களுக்கு அப்படி எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. தெருவில் ஒதுங்கியதற்காக அபராதம் வாங்கிய ஒரு பெண்ணின் வழக்கில், ஆண்களுக்கான அந்த மறைப்பைப் பெண்ணும் பயன்படுத்தியிருக்கலாமே என்கிற மாதிரி 2017-இல் ஒரு நீதிபதி சொல்ல, அந்த ஊர்ப் பெண்கள் கொதித்துப் போனார்கள். கொதிக்காமல் இருக்க முடியுமா? நாங்கள் அந்தச் சுருளுக்கு எதிரே ஒரு பாலத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்றோம். அரை மணி நேரத்தில் ஆறு ஆண்கள் போய்விட்டு வந்தார்கள். நாங்கள் இருவரும் அடுத்த கழிப்பறை எங்கே என்று போனில் தேடிக்கொண்டிருந்தோம்.

செலவாகும், யார் கொடுப்பது என்று கேட்பீர்கள். பாரிஸ் நகர மன்றம் 2006-இல் தெருக் கழிப்பறைகளுக்குக் காசு வாங்குவதை நிறுத்திவிட்டது. நானூறுக்கும் மேல் இருக்கின்றன, பொத்தானை அழுத்தினால் கதவு திறக்கிறது, ஒருவர் வெளியே வந்ததும் உள்ளே தானாகக் கழுவிக்கொள்கிறது, அதுவரை கொஞ்ச நேரம் காத்திருந்தால் போதும். தோழியின் ஐந்தாவது கோட்டில் பாரிஸுக்கு நேராக எதுவுமே இல்லை. அங்கே லக்ஸம்பூர் தோட்டத்தில் யாரும் எடுத்துப் போட்டு உட்காரும் பச்சை நாற்காலிகளுக்கும் ஒரு காலத்தில் வாடகை வசூலித்தார்களாம், இப்போது இல்லை. காசு வாங்குவதை நிறுத்தியதால் தோட்டம் ஒன்றும் பாழாகிவிடவில்லை, அங்கே ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்துவிட்டு வந்தவள் சொல்கிறேன்.

சுற்றுலாக்காரர்கள் கூட்டம் தாங்கவில்லை என்பதும் நிஜம்தான். வெனிஸின் பழைய நகரத்தில் குடியிருப்பவர்கள் இப்போது ஐம்பதாயிரத்துக்கும் குறைவு, அவர்களுடைய கஷ்டம் புரிகிறது. பகலில் வந்து போகிறவர்களிடம் 2024-இலிருந்து சில நாட்களில் 5 யூரோ வாங்குகிறார்கள், கடைசி நேரத்தில் பதிவு செய்தால் 2025-இலிருந்து 10 யூரோ. அதில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. தங்குகிறவர்கள் தனியாக வரி கட்டுகிறோம், ஆம்ஸ்டர்டாமில் அறை வாடகையில் 12.5 விழுக்காடு, எட்டுப் பேர் அறையின் மேல் கட்டிலுக்கும் அதே விழுக்காடுதான். கட்டியாகிவிட்டது. கட்டிய காசில் ஒரு கதவைத் திறந்து வையுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

முதலில் உங்கள் ஊரைச் சரி செய்யுங்கள் என்று யாராவது சொல்லலாம். அங்கேயும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். என் பள்ளிக் கழிப்பறைக்காக நான் எழுதிய மனுக்கள் ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன.

உட்காருவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரோமில் ஸ்பானியப் படிகளில் உட்கார 2019-இலிருந்து தடை, மீறினால் 250 யூரோ வரை அபராதம். வெனிஸில் பாலத்துப் படியிலும் வாசல் படியிலும் உட்கார்ந்து சாப்பிடக்கூடாது, அதற்கும் அபராதம். முந்நூறு வருடக் கல்லைக் காப்பாற்ற வேண்டியதுதான். ஆனால் படியில் உட்காராதே என்று பலகை வைக்கிற ஊர், பக்கத்தில் ஒரு பெஞ்சையும் போட வேண்டும். வெனிஸில் காசில்லாமல் உட்கார இடம் தேடி நாங்கள் நடந்த நடை கொஞ்சநஞ்சம் இல்லை. நாற்காலி தெரிந்த இடமெல்லாம் காபிக் கடைக்குச் சொந்தமாக இருந்தது. தோழி கணக்குக்கு மாறும் முன் 11 வருடம் சேலைப் பிரிவில் நின்று விற்றவள், கால் நரம்பு சுருண்டு கிடக்கிறது. கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே 2021-இல்தான், அதற்குள் அவள் மேல்மாடிக் கணக்குப் பிரிவுக்குப் போய்விட்டாள். அவளுக்கு ஒரு பெஞ்ச் என்றால் என்ன என்று நீங்கள் அவளிடம்தான் கேட்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பழைய சாலைகளில் சுமைதாங்கிக் கல் என்று ஒன்று இருக்கும், தலைச்சுமையோடு நடந்து வருகிறவர்கள் யார் உதவியும் இல்லாமல் இறக்கி வைத்து மூச்சு விட. கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அந்தக் கல்லை நடுவார்கள். யாருடைய சுமை, எந்த ஊர்ச் சுமை என்று அது கேட்காது.

நான் கேட்பது மிகச் சிறியது. ரயில் நிலையத்துக் கழிப்பறையைக் காலை முதல் இரவு வரை காசில்லாமல் திறந்துவிடுங்கள், முடியாவிட்டால் கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் நோயாளிகளுக்குமாவது கேள்வி கேட்காமல் திறக்கும் ஒரு கதவு வையுங்கள். குடிநீர்க் குழாயில் ஒட்டும் பலகையில் பக்கத்துக் கழிப்பறைக்கு ஒரு அம்புக்குறியும் போடுங்கள். உள்ளே காகிதத்தோடு ஒரு தண்ணீர்க் குழாயும் இருந்தால், தண்ணீரில் கழுவிப் பழகிய எங்களைப் போன்ற கோடிக்கணக்கானோர் கையில் புட்டியோடு அலைய வேண்டாம். இத்தாலியில் 1975-இலிருந்து வீடு கட்டும் விதிகளிலேயே பிடே என்கிற, கழிப்பறைக்குப் போய்வந்து கழுவிக்கொள்ளும் தொட்டி இருக்கிறது, ஆகவே இது உங்களுக்குப் புதிதும் இல்லை.

தோழி அடுத்த சீட்டில் சேர்ந்துவிட்டாள். இந்த முறை அவளுடைய அம்மாவையும் கூட்டிவர நினைக்கிறாள். அம்மாவுக்கு 76 வயது, வாலஸ் நீரூற்றின் படத்தைப் போனில் காட்டியபோது, நான்கு பெண்கள் தாங்குகிறார்களே, அதில் ஒருத்திக்காவது கால் வலிக்காதா என்று கேட்டார். முதலில் எந்த ஊருக்குக் கூட்டிப்போவது என்று தோழி கேட்டாள். இப்போதைக்கு பாரிஸ் என்று சொல்லியிருக்கிறேன். மற்ற ஊர்களை எப்போது சேர்த்துக்கொள்ளலாம் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து இருவர்