நைட் டூட்டி பற்றி, பிஜிகளுக்கு (மருத்துவ மேற்படிப்பு மாணவர்களுக்கு)

வணக்கம் மக்களே. நேற்று ரவுண்ட்ஸில் முதலாண்டு பிஜி ஒருவர் கேஸ் ஷீட்டைப் பிடித்தபடி நின்றவாக்கிலேயே தூங்கிவிட்டார். பேனா கீழே விழுந்த சத்தத்தில்தான் விழித்தார். எல்லோரும் சிரித்தோம். பிறகு விசாரித்தால், 32 மணி நேரமாக வீட்டுக்கே போகவில்லை. கடைசியாகச் சாப்பிட்டது முந்தின நாள் மதியம், கேன்டீன் தயிர்சாதம்.

"நாங்களும் இப்படித்தான் படிச்சோம்" என்பது (நானும் சொல்லியிருக்கிறேன்) பதிலே இல்லை. தொடர்பணி 12 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று மத்திய அரசின் ரெசிடென்சி திட்டம் (பிஜி டாக்டர்களின் பணி விதிகள்) 1992-லேயே சொல்லிவிட்டது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிகளிலும் வார விடுமுறை உண்டு, பணி நெருக்கடி இல்லாவிட்டால் என்ற வாலோடு.

இந்த வாரத்திலிருந்து, நைட் முடித்தவர்கள் ஹேண்டோவர் கொடுத்ததும் (அடுத்த டூட்டி டாக்டரிடம் நோயாளிகளை ஒப்படைத்ததும்) கிளம்புங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி பாக்கியிருந்தால் என்னிடம் விடுங்கள். டூட்டி மாற்ற வேண்டுமென்றால் வியாழன் இரவுக்குள் தனியாக மெசேஜ் போடுங்கள். காரணம் எழுத வேண்டாம்.

தூக்கமில்லை, நோயாளியைப் பார்த்தாலே எரிச்சலாக வருகிறது என்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416. தமிழில் பேசலாம், 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது.

டூட்டி ரூம் ஃபேனுக்கு எலக்ட்ரீஷியனிடம் மூன்றாவது முறையாகச் சொல்லியாச்சு.