ரெண்டு ஃப்ரேம்

பாப்பாவுக்கு,

நேத்து ராத்திரி போன்லயே எல்லாத்தையும் சொல்லிடணும்னுதான் இருந்தேன், உனக்கு காலைல மீட்டிங்னு சொன்ன, எனக்கும் தொண்டை அடைச்சுக்கிச்சு, அதான் உக்காந்து எழுதறேன். என் பட்டமளிப்பு விழாவ லைவ்ல பாத்தேன்னு சொன்ன இல்ல, அதுல நான் வந்தது மூணு செகண்ட் இருக்குமா? அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் நடந்ததுதான் உனக்குத் தெரியணும்.

கவுன் பிளாஸ்டிக் கவர்ல மடிச்சு வந்துச்சு, பிரிச்சா கட்டம் கட்டமா மடிப்பு. இஸ்திரி வச்சா உருகிடும் ஆன்ட்டின்னு என் கிளாஸ் பொண்ணு ஒண்ணு சொல்லுச்சு, அதனால பாத்ரூம்ல சுடுதண்ணி ஷவர தொறந்துவிட்டு ஆவில தொங்க விட்டேன். உள்ள நீ மொத சம்பளத்துல வாங்கி அனுப்புன அரக்கு கலர் சில்க் காட்டன். ஜிப்ப கழுத்து வரைக்கும் இழுத்ததும் புடவை கட்டியிருக்கறதே தெரியல, கீழ நாலு விரல் அகலத்துக்கு பார்டர் மட்டும் தெரிஞ்சுது. அது போதும், பாப்பா டிவில பாத்தாலும் கண்டுபிடிச்சிடும்னு அப்பா சொன்னாரு.

தொப்பிதான் ரொம்ப படுத்துச்சு. கொண்டை போட்டா நிக்கல, பின்னல் போட்டா பின்னாடி சாயுது, கடைசில கழுத்துகிட்ட தாழ்வா கொண்டை போட்டு எட்டு ஹேர்பின் குத்துனேன். அந்த சதுரத்து மேல ஆளாளுக்கு ஒண்ணு ஒட்டிக்கிட்டு வராங்க, பூவு, மினுமினு பொடி, செத்துப்போன பாட்டியோட போட்டோ, பெத்த குழந்தையோட போட்டோன்னு. நான் வெள்ளை பெயிண்ட் பேனாவால அஞ்சு புள்ளி நேர்ப்புள்ளி வச்சு சிக்குக் கோலம் போட்டேன். மொத தடவ ஒரு மூலைல இழை சேரல, ஈரத்துணியால தொடச்சிட்டு ராத்திரி பதினோரு மணிக்கு திரும்ப போட்டேன். மண் தரைல போடறத விட துணி மேல கஷ்டம், கோடு உறிஞ்சிக்குது.

உள்ள விடறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் காரிடார்ல வரிசையா நிக்க வச்சாங்க பாப்பா, அந்த ஒரு மணி நேரத்தத்தான் நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். எனக்கு முன்னாடி நின்ன பையனுக்கு ஹைஸ்கூலே இன்னும் முடியல, அங்க படிச்சுக்கிட்டே இங்கயும் கிரெடிட் சேத்து, ஸ்கூல் சர்டிபிகேட்டுக்கு முன்னாடியே இந்த டிகிரிய வாங்கறான். பின்னாடி நின்னவரு மிலிட்டரிலேர்ந்து வந்தவரு, கழுத்துல செவப்பு வெள்ளை நீலம் கலந்த கயிறு. நர்சிங் பொண்ணுங்க நாலு நாள் முன்னாடியே தனியா பின் குத்தற விழா முடிச்சிட்டாங்களாம், கைல சின்ன விளக்கு வச்சுக்கிட்டு உறுதிமொழி சொல்லுவாங்களாம், அந்த பின்ன கவுன்ல குத்திக்கிட்டு தொட்டுத் தொட்டு பாத்துக்கிட்டே இருந்துதுங்க. நைட் ஷிப்ட் முடிச்சு தூங்காம வந்த ஒருத்தரு செவுத்துல சாஞ்சு நின்னபடியே கண்ண மூடிட்டாரு, அவரு தொப்பிய அவரோட பொண்ணு பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு.

அப்புறம் அந்த மியூசிக் ஆரம்பிச்சுது, எல்லா பட்டமளிப்புலயும் வாசிப்பாங்களே, அந்த மெதுவான நடை. வாத்தியாருங்க எல்லாம் அவங்கவங்க கலர் கவுன்ல ரெண்டு பக்கமும் நின்னு கை தட்டறாங்க, நாங்க நடுவுல நடந்து போறோம். எங்க அக்கவுண்டிங் சார் என் பேர சொல்லி கத்துனாரு. கல்யாணத்துல கூட எனக்கு யாரும் இப்படி ரெண்டு பக்கம் நின்னு கை தட்டல.

அந்த மியூசிக்க இங்கிலாந்துக்காரர் எல்கர் 1901ல எழுதினாரு, 1905ல அவருக்கு டாக்டர் பட்டம் குடுத்தப்ப யேல் யுனிவர்சிட்டில வாசிச்சதுலேர்ந்துதான் இங்க பரவுச்சுன்னு ஸ்பீச் கிளாஸ்ல ஒரு பொண்ணு பேசுச்சு. நான் அதே கிளாஸ்ல எதப்பத்தி பேசினேன் தெரியுமா, ஜோலியட்டப் பத்தி. அப்பா தினமும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் போற அதே ஜோலியட்தான். அமெரிக்காவுலயே முதல் பப்ளிக் ஜூனியர் காலேஜ், அதாவது நம்ம காலேஜ் மாதிரி ரெண்டு வருச காலேஜ், அங்கதான் ஆரம்பிச்சுது, அதுவும் அதே 1901ல, ஸ்டான்லி ப்ரவுன்னு ஒரு ஹைஸ்கூல் தலைமையாசிரியரும் சிகாகோ யுனிவர்சிட்டி தலைவரா இருந்த வில்லியம் ஹார்ப்பரும் சேந்து, ஊர விட்டுப் போய் படிக்க முடியாத பிள்ளைங்களும் காலேஜ் பாடம் படிக்கட்டும்னு ஆரம்பிச்சாங்க. மொத வருசம் மொத்தமே 6 பேரு. இத இங்கிலீஷ்ல எல்லார் முன்னாடியும் சொல்லி முடிச்சிட்டு காருக்கு வந்து அழுதேன். ஊர விட்டுப் போக முடியாத பிள்ளைங்கன்னு சொல்றப்ப உன் மூஞ்சிதான் வந்துச்சு.

நீ பெரிய யுனிவர்சிட்டில இடம் கெடச்சும் அப்பா முதுகு ஆபரேஷன் நேரம்னு வீட்டுலயே இருந்து, நான் இப்ப முடிச்ச இதே காலேஜ்ல சேந்த. நான் என்ன பண்ணேன்? அரோரா பாலாஜி கோயில்ல யாராவது பாப்பா எங்க படிக்குதுன்னு கேட்டா காலேஜ் பேர சொல்லாம "யுனிவர்சிட்டி டிரான்ஸ்பர்க்கு ரெடி ஆயிட்டிருக்கா"ன்னு சொல்லி பிரசாதம் வாங்கற பக்கமா நகர்ந்துடுவேன். நீ பக்கத்துலயே நின்ன, எல்லாத்தையும் கேட்ட. முடிச்ச வருசம் பட்டமளிப்பு ஃபார்ம எடுத்துக்கிட்டு வந்து டேபிள்ல வச்ச. ரெண்டு வருச டிகிரிக்கு என்ன விழா, யுனிவர்சிட்டில வாங்கறப்ப பாத்துக்கலாம்னு சொன்னேன். நீ ஒண்ணும் பேசாம ஃபார்ம மடிச்சு பேக்ல வச்சுக்கிட்டு வேலைக்குப் போயிட்ட. அந்த வாயால நான் அத சொல்லியிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கோ பாப்பா. போன்ல சொல்ல வந்தது இதுதான், வரல.

டிகிரிக்கு வேண்டிய 60 கிரெடிட்ட நீ ரெண்டு வருசத்துல முடிச்ச, அதுவும் வேலைக்குப் போய்க்கிட்டே. எனக்கு ஆறு வருசம் ஆச்சு. தஞ்சாவூர்ல பி.காம் ரெண்டாவது வருசத்தோட கல்யாணம் பண்ணி அனுப்புனாங்களே, அத விட்ட எடத்துலேர்ந்து தொடரலாம்னு நீதான கைய பிடிச்சு, எந்த லெவல் கிளாஸ்ல சேக்கறதுன்னு பாக்கற பிளேஸ்மென்ட் டெஸ்ட்டுக்கு கூட்டிட்டுப் போன. மேத்ஸ்ல கீழ போட்டாங்கன்னு நான் திரும்பி வரப் பாத்தப்ப பார்க்கிங் லாட்ல வச்சு திட்டுன பாரு, அந்தத் திட்டு இல்லேன்னா இந்த கவுன் இல்ல.

விழாவுல காலேஜ் பிரசிடென்ட் நடுவுல ஒண்ணு சொன்னாரு, உங்க குடும்பத்துலயே மொதல்ல காலேஜ் முடிக்கறவங்க எல்லாம் எழுந்து நில்லுங்கன்னு. ஹால்ல பாதிப் பேருக்கு மேல எழுந்துட்டாங்க, ஒரே கைதட்டு, விசில். பக்கத்து சீட்டு அம்மா என் முழங்கைய தட்டி எழுந்திரு எழுந்திருன்னு சொல்றாங்க. நான் எழுந்திருக்கல. மை டாட்டர் வாஸ் ஃபர்ஸ்ட்னு சொன்னேன். அவங்க என் கைய பிடிச்சுக்கிட்டாங்க, அந்தக் கைதட்டு முடியற வரைக்கும் விடல.

பேர் விஷயம் நீ லைவ்ல கவனிச்சியா? கார்டுல நம்ம பேர எப்படி சொல்லணுமோ அப்படியே பிரிச்சு எழுதித் தரணும், படிக்கறவங்க அதப் பாத்து படிப்பாங்க. என் பேர்ல இருக்கற ழ-வ எந்த எழுத்துல எழுதறது? பேர் படிக்கற மேடம் என்ன தனியா கூப்பிட்டு, மூணு தடவ சொல்லச் சொல்லி என் வாயவே பாத்துக்கிட்டு இருந்தாங்க, நாக்க எங்க மடிக்கறீங்கன்னு கேட்டாங்க. மேடைல ல-வுக்கும் ர-வுக்கும் நடுவுல எங்கயோ வந்து நின்னுச்சு, ஆனா அவங்க ஒரு செகண்ட் நிறுத்தி, மூச்சு இழுத்து சொன்னாங்க பாரு, எனக்கு அது போதும்.

கைல குடுத்த ஃபோல்டர் காலி. உள்ள ஒரு தாள், மார்க்கெல்லாம் சரிபாத்து ஒரிஜினல் தபால்ல வரும்னு. எல்லாரும் எழுந்து குஞ்சத்த வலது பக்கத்துலேர்ந்து இடது பக்கம் தள்ளுங்கன்னாங்க, எட்டு ஹேர்பின் குத்துன தொப்பில குஞ்சம் மட்டும் லேசா நகந்துடுச்சு.

வீட்டுக்கு வந்து கவுன கழட்டாமயே கரன்ட் பில்லு வைக்கற டிராயர தொறந்தேன். அடில உன் பிரவுன் கவர், தபால்ல வந்தது வந்த மாதிரியே, ஓரம் கூட பிரிக்கல. இத்தன வருசம் அது மேலதான் பில்லு வச்சிருக்கேன். அப்பா பக்கத்துல நின்னு கத்தியால மெதுவா பிரிச்சாரு. உன் பேரு நல்லா கெட்டியான எழுத்துல, தங்க முத்திரை கொஞ்சமும் மங்காம இருக்கு.

இன்னைக்கு கடைக்குப் போயி ஒரே மாதிரி ரெண்டு ஃப்ரேம் வாங்கிட்டு வந்தோம். உன்னோடத ஹால்ல சாமி படத்துக்கு அடுத்து மாட்டியாச்சு. என்னோடது ஆறு எட்டு வாரத்துல வருமாம், அதுவரைக்கும் பக்கத்து ஃப்ரேம் காலியாதான் தொங்கும். அப்பா ஆணி அடிச்சதுல உன்னோடது இடது பக்கம் கொஞ்சம் சாஞ்சிருக்கு, லெவல் பாத்துதான் அடிச்சேன்னு சொல்றாரு, லேபர் டே லீவுக்கு வரப்ப நீயே பாத்து சரி பண்ணு. பருப்புப் பொடியும் நார்த்தங்காயும் நாளைக்கு பார்சல் போடறேன், அதுலயே அந்தக் கோலம் போட்ட தொப்பியும் வச்சிருக்கேன், நீ ஒரு தடவ போட்டு போட்டோ எடுத்து அனுப்பு.

அம்மா